வேர்க்கிற கையும் அக்காவின் மெசினும்

எனக்கு உள்ளங்கை வேர்க்கும். மற்றவர்களுக்கு வேர்ப்பது போல இல்லை. மார்கழிப் பனியிலும் விரல் நுனியில் இருந்து சொட்டும். கையைக் கொஞ்சநேரம் பொத்தி வைத்திருந்துவிட்டுத் திறந்தால், கிணற்றுக்குள் விட்டு எடுத்த மாதிரி இருக்கும். கைப்பிள்ளையாக இருந்தபோதே இப்படித்தான் என்று அம்மா சொல்வார். இதை எழுதும்போதும் கைக்குக் கீழே கை துடைக்கிற லேஞ்சி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் தாள் ஊறிவிடும்.

பள்ளிப் படிப்பும் இதனால்தான் கெட்டது. அரிவரி வகுப்பில் சிலேட் இருந்தவரையில் பெரிய வில்லங்கம் இல்லை. கொப்பியும் மைப்பேனையும் வந்த பிறகு, கை பட்ட இடமெல்லாம் எழுத்துக் கரைந்து நீலமாகப் பரவிவிடும். நான் கொப்பியைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டேன் என்று வாத்தியார் அடித்தார். அடிக்கு நீட்டிய கையும் ஈரமாக இருந்ததால் பிரம்பு வழுக்கியது. எண்ணெய் பூசிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அதற்கும் ஓர் அடி. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வீட்டில் ஒருவரும் மறிக்கவில்லை. நானாகத்தான் போகாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே அக்காதான்.

அக்காவிடம் கையால் சுற்றுகிற தையல் மெசின் ஒன்று இருந்தது. அதில் தைப்பவர் வலக்கையால் பிடியைச் சுற்றி, இடக்கையால் துணியைப் பிடித்துத் தள்ளவேண்டும். நான் சும்மா இருப்பதைப் பார்த்து அக்கா ஒரு நாள் என்னைப் பக்கத்தில் இருத்தினாள். பிடியில் ஒரு துணியைச் சுற்றி என் கையில் தந்தாள். நான் சுற்றினேன். அவள் இரண்டு கையாலும் துணியைப் பிடித்தாள். அன்றிலிருந்து அப்படித்தான். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் இருந்த பெண்களின் சட்டைகள், பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள் எல்லாம் நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தைத்தவைதான். நான் ஏன் துணியைத் தொடுவதில்லை என்று யாராவது கேட்டால் அக்கா என் கையைப் பற்றிச் சொல்லமாட்டாள். "அவள் சுத்தினால்தான் எனக்குத் தையல் நேராப் போகும்" என்பாள்.

அக்காவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் ஒரு கிழமை, முழு ஏழு நாள் வைத்திருந்தார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை.

ஒரு விசயம் சொல்லவேண்டும். இதுவரைக்கும் நான் யாருக்கும் சொன்னதில்லை. அக்காவுக்கு வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். எந்தச் செத்த வீட்டிலும் எனக்கு அது பயம். அரிசி என் உள்ளங்கையில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், உதறவேண்டி வரும். அன்றைக்கு ஓர் அரிசிகூட ஒட்டவில்லை. அப்படியே விழுந்தது. கையைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக மற்றவர்களின் கையைப் போலவே இருந்தது. எட்டாம் நாள் செலவு போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் போய், அதற்குப் பிறகும் கை காய்ந்தேதான் இருந்தது. கண்ணும் அப்படித்தான். அக்கா தன் கையை எனக்குத் தந்துவிட்டுப் போனாள் என்றுகூட ஒரு விசர் நினைப்பு வந்தது.

அந்தியேட்டி முடிந்த கிழமை மெசினின் மூடியைக் கழற்றினேன். பழைய துணி ஒன்றை வைத்து, வலக்கையால் பிடியையும் இடக்கையால் துணியையும் பிடித்துச் சுற்றினேன். நாலு அங்குலம் தைத்திருக்கமாட்டேன், இடக்கை ஊறத் தொடங்கியது. பத்து விரலும் வேர்த்துத் துணி நனைந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அக்கா செத்த பிறகு நான் முதன்முதலாக அழுதது அன்றைக்குத்தான்.

மெசின் சத்தம் கேட்டு அம்மா குசினி அடுப்படியில் இருந்து ஓடிவந்தார். வாசலில் நின்று பார்த்தார். நான் மட்டும் இருப்பதைக் கண்டதும் திரும்பிப் போனார். அப்பாவை நாங்கள் ஐயா என்போம். அவர் இதை முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மெசினைக் கரவெட்டிச் சித்தி வீட்டுக்குக் குடுத்துவிடுவம் பிள்ளை. அங்கை பெட்டையள் தைக்கிறாளவை. இஞ்சை கிடந்தால் கொம்மா உருக்குலைஞ்சு போவா."

"நான் தைப்பன் ஐயா."

ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "உந்தக் கையாலையோ?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை. எப்படி முடியும் என்று தெரியாமல்தான் கேட்டார்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தக் காலத்தில்தான் பள்ளிச் சட்டைத் தையல் வரும். அதற்குள் நான் தைத்துக் காட்டினால் மெசின் வீட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கொண்டுபோகட்டும் என்றேன். ஐயா ஓம், சரி என்றார். தைப்பொங்கல் முடிய வந்து எடுக்கும்படி சித்தியின் மகனுக்கும் சொல்லி அனுப்பினார்.

பள்ளிச் சட்டை என்றால் வெள்ளை. அந்த நாட்களில் கூட்டுறவுச் சங்கக்கடையில் துணி அளவோடுதான் கிடைக்கும். ஒரு பிள்ளையின் சட்டையை நான் பழுதாக்கினால் அதற்கு மாற்றுத் துணி கிடையாது. வேர்வை பட்ட வெள்ளைத் துணியை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தினால் மஞ்சள் பிடிக்கும். அதைவிட மோசம் ஊசி. நான் தொட்ட ஊசி இரண்டாம் நாள் துருப்பிடித்துவிடும். அந்தத் துரு துணியில் மண்ணிறப் பொட்டாக இறங்கினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

செய்யாத வைத்தியம் இல்லை. நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியார் உடம்புச் சூடு என்று சொல்லி ஒரு குடிநீர் தந்தார். குடித்து வயிற்றால் போனதுதான் மிச்சம். படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்துக் கையைத் தோய்த்தேன். கொஞ்சம் குறைந்தது, ஆனால் தோல் வெடித்தது. கடும் தேயிலைச் சாயத்தில் கையை ஊறப்போட்டேன். அது நல்ல பலன் தந்தது. ஆனால் உள்ளங்கை தேங்காய்ச் சிரட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைத் துணியில் அந்தச் சாயமும் இறங்குமோ என்று பயமாக இருந்தது. பவுடர் பூசினால் களியாகும். ஊசியைத் தலைமயிருக்குள் விட்டு இழுத்து எண்ணெய் பிடிக்கவைத்தேன். அதில் துரு கொஞ்சம் மட்டுப்பட்டது. விடியற்காலையில், வீட்டில் ஒருவரும் எழும்பாத நேரத்தில் வேர்வை குறைவு என்பதையும் கண்டுபிடித்தேன். யாராவது பார்த்துக்கொண்டு நின்றால்தான் அது பெருகும். வேர்க்கப்போகிறதே என்று நினைத்தாலும் பெருகும். அந்த நினைப்பை நிற்பாட்டத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

ஒரு நாள் ஐயா வேலி அடைத்துக்கொண்டு நின்றார். கிளுவை முள்ளுக் குத்தாமல் இரண்டு கையிலும் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார். அதைப் பார்த்தவுடன் உள்ளே ஓடிவந்து அவருடைய கிழிந்த பெனியன் ஒன்றை எடுத்து, என் கையை அதில் வைத்து அளவு கீறி வெட்டினேன். விரல் நுனி மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும்படி கையுறை தைத்தேன். முதல் சோடி தவளைக் கால் மாதிரி வந்தது. இரண்டாவது சோடி பரவாயில்லை. பெனியன் துணி வேர்வையை நன்றாக உறிஞ்சியது. ஒரு பக்கத் தையல் முடிய அது ஈரமாகிவிடும். கழற்றிவிட்டு அடுத்த சோடியைப் போட்டுக்கொள்வேன். இப்படி ஐந்தாறு சோடி செய்து, நனைந்தவற்றை வீட்டின் பின்பக்கம், வாழைகளுக்கு நடுவில் ஒரு கொடி கட்டிக் காயப்போட்டேன்.

பழைய வேட்டித் துண்டில் முதலில் தைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட விழவில்லை. அந்தத் துணிவில், பள்ளிச் சட்டை தைக்கலாம் என்று ஒழுங்கையில் சொன்னேன். அக்காவின் தங்கை என்று இரங்கி நாலு வீட்டுக்காரர் துணி தந்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரி வேலிப் பொட்டில் கண்ணை வைத்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். கொடியில் வரிசையாகத் தொங்குகிற கைகளைக் கண்டிருக்கிறார். "என்ன பிள்ளை, வெள்ளைக்காரத் துரைசானிமார் ஆரும் வந்து நிக்கினமோ?" என்று பகிடியாகத்தான் முதலில் கேட்டார். நான் வெட்கத்தில் சிரித்துவிட்டு உள்ளே போனேன். அங்கேதான் பிழை விட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஏற்கனவே காய்ச்சலில் ஒரு பெண் செத்த வீடு. அந்த வீட்டில் மிஞ்சினவள் கையை மூடிக்கொண்டு தைக்கிறாள், மூடின துணியை ஒளித்துக் காயப்போடுகிறாள். சனத்துக்கு வேறென்ன வேண்டும்? எனக்குத் தோலில் ஏதோ பொல்லாத வருத்தம், தொட்டால் ஒட்டுகிற நோய் என்று கதை போய்விட்டது.

மூன்று வீட்டுக்காரர் ஒவ்வொருவராக வந்து துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் கொழும்பில் இருந்து தைத்த சட்டை வருகிறது என்றார். ஒருவர் பிள்ளைக்குப் பழைய சட்டையே காணும், போதும் என்றார். மற்றவர் காரணமே சொல்லவில்லை, துணியை நுனியில் பிடித்துக்கொண்டு போனார். மிஞ்சினது ஒழுங்கை முடிவில் இருந்த மாமியின் துணி. புருசனை இழந்தவர், மிளகாய்த் தோட்டம் செய்து மூன்று பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர். அவருடைய வாய்க்கு ஊரே பயம். பொங்கலுக்கு முதல் கிழமை அவரும் வந்தார். அந்தத் துணியும் போனால் மெசினும் போகும் என்று எனக்குத் தெரியும்.

மாமி விறாந்தையில் ஏறவில்லை. படிக்குக் கீழே நின்றார்.

"துணியைத் தா பிள்ளை. தைக்க வேண்டாம்."

"ஏன் மாமி?"

அவர் மற்றவர்களைப் போலப் பொய் சொல்லவில்லை. "உனக்குக் கையிலை வருத்தமாம். உன்ரை அக்காவும் வருத்தத்திலைதானே போனவள். நான் மூண்டு பெட்டையளை வைச்சிருக்கிறன்."

"வருத்தம் இல்லை மாமி. வேர்வை."

"வெய்யிலுக்கை நிண்டு கொத்திற எனக்கே இந்தப் பனிக்கு வேர்க்கேல்லை. கதிரையிலை இருக்கிற உனக்கு என்ன வேர்வை?"

இரண்டு கையுறையையும் கழற்றினேன். கீழே குந்தி, விறாந்தையின் சிவப்புச் சீமெந்தில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி எடுத்தேன். தரையில் இரண்டு கை கிடந்தது, விரல், ரேகை எல்லாம் தெரிய. மாமி படியில் ஏறிவந்து குனிந்து பார்த்தார். விரல்கள் முதலில் மெலிந்து மறைந்தன. பிறகு உள்ளங்கையும் ஓரத்தில் இருந்து சுருங்கிக் காய்ந்து போனது. தரையில் ஒன்றும் இல்லை.

"இன்னொருக்கா வை" என்றார்.

வைத்தேன். திரும்பவும் இரண்டு கை. மாமி என் கையைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்துக்குக் காட்டி, விரலிடுக்கெல்லாம் பார்த்தார். தன் விரலால் உள்ளங்கையைத் துடைத்து முகர்ந்தும் பார்த்தார். பயத்தில் எனக்கு இன்னும் ஊற்றியது. அவர் கையும் நனைந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"என்ரை மனுசனுக்கும் உதுதான்" என்றார். "தாலிக்கொடியின்ரை சுரையை முறுக்கிப் பூட்டேலாமல் மணவறையிலை நிண்டு முழிச்சவர். விரல் வழுக்கினது. மாப்பிள்ளை பயந்திட்டாரெண்டு சனம் எத்தினை வருசம் பகிடி பண்ணினது. நானும் பயமெண்டுதான் நினைச்சனான். அந்தாளும் வாய் திறந்து சொல்லேல்லை." என் விரல்களை மடக்கிப் பிடித்தார். "அந்தக் கையைப் பிடிச்சுத்தான் குடும்பம் நடத்தினனான். எனக்கு ஒண்டும் தொத்தேல்லை."

இனித் துணியை முழுக்க விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். மாமி அப்படிப்பட்டவர் இல்லை. உள்ளே வந்து துணியை விரித்து, முழம் போட்டுப் பார்த்து, ஒரு சட்டைக்கு மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னார். மற்றதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சின்னவளுக்கு ஒண்டைத் தை. பாப்பம். உந்தக் கையுறையளையும் ஒளிச்சுக் காயப்போடாதை. ஒளிச்சால்தான் சனம் கதைக்கும்."

அந்தச் சட்டையை இரண்டு விடியற்காலையாகத் தைத்தேன். கழுத்துப்பட்டிக்கு மட்டும் மூன்று சோடி கையுறை மாற்றினேன். தையல் அக்காவின் தையல் இல்லை. ஓர் இடத்தில் கொஞ்சம் கோணல், எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மாமி அதை வெயிலில் தூக்கிப்பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பின்னேரமே மற்ற இரண்டு சட்டைக்கும் துணியைக் கொண்டுவந்து வைத்தார். போகிற வழியில் பக்கத்து வீட்டு வேலியடியில் நின்று, தன் புருசனின் கைக் கதையை ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் முன்பு துணியைத் திருப்பி எடுத்தவர்களில் ஒருவர் வந்தார். மற்ற இரண்டு பேரும் இன்றுவரை வரவில்லை. வராதவர்களை நினைத்தால் எனக்கு வேர்ப்பதில்லை.

கை இப்போதும் வேர்க்கிறது. அது போகாது என்று விளங்கிவிட்டது. துணி தருபவர்களிடம் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு பாதி வேர்வைதான்.

பொங்கல் முடிந்த கிழமை கரவெட்டியில் இருந்து சித்தியின் மகன் வண்டிலோடு வந்தார். மெசினைச் சுற்றிக் கட்டச் சாக்கும் கயிறும்கூடக் கொண்டுவந்திருந்தார். நான் மாமியின் மூத்தவளின் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தேன். இடக்கை நனையத் தொடங்கியது. கையுறையை மாற்றக்கூட எழும்பவில்லை. முற்றத்தில் ஐயா கதைப்பது கேட்டது.

"மெசின் வேலையிலை கிடக்கு தம்பி. இப்ப எடுக்கேலாது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அவரைச் சாப்பிட இருத்தி, தோட்டத்துக் கத்தரிக்காய் நிறைந்த ஓலைக் கடகம் ஒன்றும் பெரிய பூசணிக்காய் ஒன்றும் வண்டிலில் ஏற்றி அனுப்பினார். பூசணிக்காய்க்குக் கீழே அந்தச் சாக்கை மடித்து வைத்ததை யன்னலால் பார்த்தேன்.

வண்டில் போன பிறகு அம்மா அறைக்குள் வந்தார். மெசினைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கதிரையின் முதுகில் கிடந்த காய்ந்த சோடியை எடுத்து என் மடியில் போட்டார்.

"கிடக்கிற வெள்ளை நூல் காணுமோ?" என்று கேட்டார்.

"ஒரு கட்டை நூல்தான் கிடக்கு அம்மா."

"நாளைக்கு மானிப்பாய்ச் சந்தைக்குப் போறன். வாங்கியாறன்" என்றார்.