வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர்

மருதமுத்து அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவரோடு ஏழு வருடம் ஓயாமல் சண்டை பிடித்த பரமநாதன் அண்ணை. வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். ஓமானின் சோஹாரில் நாங்கள் பெண்கள் நால்வர் தங்கியிருக்கும் ஃபிளாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியை எடுத்ததும், "பிள்ளை, யாப்பு எங்களை விட்டுட்டுப் போட்டார்" என்றார். லீவில் ஊருக்குப் போய் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. நெஞ்சு நோகிறது என்று படுத்தவர் எழும்பவில்லையாம். நமக்குத் தெரியவரும்போது அங்கே அடக்கமும் முடிந்திருந்தது. இதைச் சொல்லிவிட்டுப் பரமநாதன் அண்ணை அழுதார்.

வியாழக்கிழமை மாலை கேம்ப் சாப்பாட்டு மண்டபத்தில் அவர் படத்தை வைத்து நாம் கூடும்போது வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். படித்த பிள்ளை என்பது காரணம். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான்தான். இதே காரணத்தைச் சொல்லித்தான் அண்ணனும் ஒருமுறை என்னிடம் எழுதக் கேட்டார். அதைச் சொல்லாமல் இதை எழுத எனக்கு வழியில்லை.

அவரை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். நம் கம்பெனியின் வேனை ஓட்டியவர். முதலில் கேம்ப், பிறகு எங்கள் ஃபிளாட், அங்கிருந்து துறைமுகப் பக்கத்து ஒர்க்‌ஷாப். வேனின் பதிவுத் தாளான முல்கியாவோடு, நம் நாட்டு அரசியல் யாப்புச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அதனால்தான் பரமநாதன் அண்ணை அவருக்கு 'யாப்பு' என்று பெயர் வைத்தார். பதிலுக்கு இவர், எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கக்கூடாது என்ற கொள்கையுள்ள பரமநாதன் அண்ணையை 'பகிஷ்கரிப்பு' என்று கூப்பிட்டார். "பகிஷ்கரிப்பு, கதவ நல்லா சாத்துங்க" என்பார் காலையில். சைட்டில் அரசியல் பேசக்கூடாது என்பது கம்பெனி விதி. ஆகவே அரை மணி நேரப் பயணத்தில் எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும். துறைமுக கேட் தெரிந்ததும் அண்ணன் "கலாஸ்" என்று அரபியில் முடித்துவிடுவார். பாதி வாக்கியத்தில் நின்ற சண்டை, மாலையில் வேன் கிளம்பியதும் அதே பாதியிலிருந்து தொடங்கும். பகல் முழுவதும் ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

சண்டை எப்போதும் ஒன்றைப் பற்றித்தான். நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி என்ற அந்த நாற்காலி. அதை ஒழிப்பேன் என்று சொல்லித்தான் பலரும் அந்த நாற்காலியைக் கேட்டு வந்தார்கள். வெல்டர் நிமல், ஒரு கையில் அதிகாரம் இருந்தால்தான் நாட்டில் வேலை நடக்கும் என்ற கட்சி. இந்தச் சோஹார் ரோட்டைப் பார், யாராவது வாக்களித்தா போட்டார்கள் என்று சிங்களத்தில் கேட்பான். அண்ணன் சிங்களத்தில் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு, எங்களுக்காகத் தமிழிலும் சொன்னது இன்னும் எனக்குக் கேட்கிறது. "ரோடு நல்லாத்தான் இருக்கு. நாந்தான ஓட்டுறேன். ஆனா இங்க நான் விருந்தாளி. விருந்தாளி உரிமை கேக்கக் கூடாது. அங்க நான் வீட்டுக்காரன்."

அவருடைய கோபத்தின் வேர் எங்கே இருந்தது என்பதையும் ஒருநாள் சொன்னார். அவர் தகப்பனார் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே கொழுந்து மலையில் வேலை செய்து, தாத்தாவைப் போலவே வாழ்நாளில் பெரும்பகுதி எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாமல் இருந்தவர். அண்ணனுக்கே வளர்ந்த பிறகுதான் பிரஜாவுரிமைத் தாள் கிடைத்தது. "பாராளுமன்றத்துல அத்தன பேரு கை தூக்குனாங்க, எங்க தாத்தா நாடில்லாத ஆளாப் போயிட்டாரு. அத்தன பேரு சேந்தே அப்பிடி. ஒத்த ஆளு கையில எல்லாத்தையும் குடுத்தா என்னா ஆகும்?" என்று கேட்டார். அதற்குப் பரமநாதன் அண்ணை, "ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான். வாக்குப் போட்டு என்னத்தைக் கண்டனியள்?" என்றார். வேனுக்குள் யாரும் யாரையும் மாற்றவில்லை.

அவர் எப்போதும் நியாயமாகப் பேசினார் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். போன ஜனாதிபதித் தேர்தலில், நாற்காலியை ஒழிப்பேன் என்று நின்ற தன் வேட்பாளருக்குச் சாதகமாக வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் நம்பினார். எதிராளியைப் பற்றி அவர் அனுப்பிய ஒரு செய்தி பொய் என்று நிமல் ஆதாரத்தோடு காட்டியபோது, "இது பொய்யா இருந்தா என்னா, செய்யக்கூடிய ஆளுதான அவரு" என்றார். நிமல் தலையில் அடித்துக்கொண்டான். நான் பின் சீட்டில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிச் சிரித்தேன்.

அந்தத் தேர்தலுக்கு முந்திய வருடம், ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் அலுவலக அறைக்கு வந்தார். வாக்காளர் பட்டியலை நம் நாட்டில் இடாப்பு என்போம். அதைப் புதுப்பிக்க வீட்டுக்கு வீடு கிராம சேவகர் கொடுக்கும் படிவத்தைப் படமெடுத்து அவர் மனைவி யோகம் அக்கா அனுப்பியிருந்தா. அண்ணனுக்கு வாசிக்க நன்றாக வரும். படிவம் நிரப்பத்தான் பயம். அவர் தகப்பனாரின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் ஓர் எழுத்து மாறியதற்காக அந்த மனிதர் பல வருடம் அலைந்திருக்கிறார். "நீ எழுதுனாத்தான் சரியா வரும் தங்கச்சி. அப்பிடியே பாத்து எழுதிக் குடுத்துருவா அவ" என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நான் ஒவ்வொரு கட்டமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். இந்த வீட்டில் வசிக்கிறவரா, இல்லையென்றால் எங்கே என்று கேட்ட இடத்தில், அவர் பெயருக்கு நேரே "ஓமான், வேலை நிமித்தம்" என்று எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார். "இத எழுதணுமா?" என்று கேட்டார். "உண்மையைத்தானே அண்ணை எழுத வேணும்" என்றேன். இந்த நாட்டுக்கு வந்து நான் ஒருவரிடம் அவ்வளவு உறுதியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையாட்டினார்.

வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளில் எவரும் அந்தக் கட்டத்தில் அப்படி எழுதுவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. என் பெயர் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விலாசத்தில் பத்திரமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்ற என் அம்மா, கிராம சேவகர் கேட்டபோது, மகள் பஸ்ஸிலை ரவுணுக்குப் போட்டாள், பின்னேரம் வருவாள் என்று சொல்லியிருந்தா. இத்தனைக்கும் நான் வாக்களிக்கப் போகவில்லை.

அண்ணன் போனார். வருடத்துக்கு ஒரு மாத லீவு. மூத்த மகளின் சடங்குக்கு என்று வைத்திருந்ததைத் தேர்தலுக்கு மாற்றினார். சடங்கைத் தள்ளிப்போட முடியாது என்று யோகம் அக்கா அழுதாவாம். அவர் இல்லாமலேயே அது நடந்தது. லீவுத் தாளில் காரணம் எழுதும் இடத்தில் என்ன போட என்று கேட்டேன். "ஓட்டுன்னே போடு" என்றார். நான் 'குடும்ப விஷயம்' என்று எழுதினேன். அந்த இடத்தில் மட்டும் எனக்குப் பொய் எழுத வந்தது.

திரும்பி வந்து வேன் எடுத்த முதல் காலை. அவருடைய வேட்பாளர் வென்றிருந்தார். கேம்பில் ஏறியவர்கள் சும்மா இருப்பார்களா? நான் ஏறும்போதே கேலி தொடங்கியிருந்தது. "உம்மட ஆள் வெண்டிட்டார். எங்கை, விரலைக் காட்டும் பாப்பம்" என்றார் பரமநாதன் அண்ணை. அண்ணன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தார். பின்னாலிருந்து எனக்கு அவருடைய இடது கை தெரிந்தது. விரலில் மை இல்லை.

"பேரு இல்லண்ணே" என்றார்.

"எங்கை இல்லை?"

"இடாப்புல. அவ பேரு இருக்கு. என் பேரு இல்ல. மூணு தடவ பாத்தாங்க."

யோகம் அக்கா உள்ளே போய் வாக்களித்துவிட்டு வரும்வரை அண்ணன் பள்ளிக்கூட மதிலோரம் நின்றார் என்பது பிறகு நிமல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று வேனில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: நான் எழுதிய 'ஓமான்' அவர் பெயரை வெட்டியிருந்தது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு மாதங்கள் போயின. நாற்காலி அப்படியே இருந்தது. அண்ணனின் கோபம் அவருடைய சொந்தக் கட்சி மேலேயே திரும்பியது. வாக்குறுதி என்ன ஆனது என்று கட்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் கேட்டார். அவர்கள் அவரைத் துரோகி என்று திட்டி, குழுவிலிருந்து நீக்கினார்கள். அந்த ஆத்திரத்தோடு ஒரு காலை வேனில் புதிய ஜனாதிபதியை ஏசிக்கொண்டு வந்தபோது பரமநாதன் அண்ணை சொன்னார், "வாக்கே போடாத ஆளுக்கு என்ன கோவம்? போட்டவை கோவிக்கட்டும்."

அண்ணன் வேனை ரோட்டோரம் நிறுத்தினார். லாரிகள் பக்கத்தில் உராய்வதுபோல் போயின. திரும்பிப் பார்க்காமலேயே பேசினார். குரல் உயரவில்லை. "ஓட்டுப் போட்டவனுக்கு மட்டுந்தான் உரிமைன்னு எதுல எழுதியிருக்கு? காட்டுங்க. எம் பேர வெட்டுனா நான் அந்த நாட்டு ஆளு இல்லாமப் போயிருவேனா? எங்க தாத்தாகிட்ட இதத்தான் சொன்னாங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டில் எல்லோருக்கும் தாமதம் விழுந்தது. பரமநாதன் அண்ணை ஒரு வாரம் வேறு வேனில் போனார். அந்த ஒரு வாரமும் அண்ணன் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

வேனை ரோட்டோரம் நிறுத்திய அன்றிரவே கிராம சேவகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். குடும்பம் தோட்டத்தில்தான் இருக்கிறது, வேலை முடிந்தால் திரும்பி வருகிறவர், படிவத்தை நிரப்பியது நான், பிழை என்னுடையது, பெயரை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வேனில் ஏறி இறங்கினேன். இந்த லீவுக்கு அவர் புறப்படுவதற்கு முந்தைய மாலை, மற்றவர்கள் இறங்கிய பிறகு, அதைக் கொடுத்தேன். அவர் வேன் விளக்கைப் போட்டு முழுவதும் வாசித்தார். மடித்து யாப்பு இருந்த உறைக்குள் வைத்தார்.

"தெரியும் தங்கச்சி. மதிலுகிட்ட நிக்கும்போதே தெரிஞ்சிருச்சு."

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா, அடுத்த தாள்ல நீ பொய் எழுதுவ" என்றார். பிறகு, "எறங்கு, யல்லா, சீக்கிரம். பெட்டி கட்டணும்" என்றார். அதுதான் அவர் என்னிடம் நேரில் பேசிய கடைசி வார்த்தை.

ஊருக்குப் போய் ஆறாம் நாள் ஒரு குரல் செய்தி அனுப்பினார். கிராம சேவகர் கடிதத்தை வாசித்துவிட்டு, இந்த வருடத்துப் படிவத்தில் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டாராம். "கண்ணால பாத்துட்டேன் தங்கச்சி. ஏறிருச்சு. பகிஷ்கரிப்புகிட்ட சொல்லிரு. அடுத்த தடவ வெரலக் காட்டுறேன்னு சொல்லு." பின்னால் ஒரு கோழி கத்துகிறது. யோகம் அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறா. அதைப் பரமநாதன் அண்ணைக்குப் போட்டுக் காட்டினேன். "வரட்டும், இருக்கு அவருக்கு" என்றார், சிரித்துக்கொண்டே. அதிலிருந்து ஐந்தாம் நாள் பரமநாதன் அண்ணைதான் என்னைக் கூப்பிட்டுச் செய்தி சொன்னார்.

நேற்று யோகம் அக்கா பேசினா. கிராம சேவகர் வந்திருந்தாராம். இறந்தவரின் பெயரை இடாப்பில் விட முடியாது, எடுக்கச் சொல்லி வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அக்காவுக்கு அதை எழுதக் கை வரவில்லை. "அவரு ஆசப்பட்டு ஏத்துன பேரு தங்கச்சி. நா எப்பிடி எடுக்கச் சொல்லி எழுதுவேன்? நீங்களே எழுதி அனுப்புங்க. நீங்க எழுதுனா சரியா இருக்கும்னு சொல்லுவாரு." எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் குரல் செய்தியும், என்னைக் காப்பாற்ற அவர் ஒரு வருடம் வாய் திறக்காமல் இருந்தார் என்ற நினைவும், 'அடுத்த தாள்ல நீ பொய் எழுதுவ' என்ற அந்த ஒரு வரியும்தான். அவர் உயிரோடு இருந்தபோது உண்மையை எழுதி அவர் பெயரை வெட்டவைத்தேன். இன்றைக்கும் உண்மையைத்தான் எழுத வேண்டும். இதை உங்களுக்கு எழுதி முடித்த பிறகு, அக்கா கேட்டதை எழுத உட்காருவேன்.