மூன்று கரண்டி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'சந்தேகம்'. வைத்தது நான்தான். ஒரு கிராம் பொடியை மூன்று முறை நிறுப்பாள். புரதம், சர்க்கரை, உப்பு எல்லாம் கணக்கு வந்த பிறகும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். "அரைச்ச மாவையே அரைக்கிறியே, கை வலிக்கலையா?" என்று கேட்பேன்.

"இது சாப்பாட்டுக்குப் பதிலா குடிக்கிற பொடி. இதுல தப்புன்னா அவங்களுக்கு வேற சாப்பாடே கிடையாது" என்பாள்.

அப்படி அவள் சோதனையில் தேறிய ஒரு பொடியைத்தான் தன் அண்ணனுக்கும் வாங்கிக் கொடுத்தாள். அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது. சாப்பாடு இறங்காமல் மெலிந்துகொண்டே போனார். பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் அவர் இதயம் நின்றுவிடும். இந்தப் பொடியில் அது குறைவு, அளவோடு குடித்தால் பயமில்லை என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

அன்று மதியம் அண்ணி போன் செய்தாள். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பொடி தீந்துபோச்சும்மா. வரும்போது ஒரு டப்பா வாங்கிட்டு வா."

"முந்தாநாள்தானே அண்ணி கொடுத்தேன்? அஞ்சாறு நாள் வருமே!"

"எங்க வருது? வேளைக்கு மூணு கரண்டின்னு போட்டிருக்கு, அப்படியே போடுறேன். பசை மாதிரி ஆயிடுது. பாவம், மனுஷன் முழுங்க முடியாம முழுங்குறாரு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"எந்தக் கரண்டி அண்ணி?"

"கரண்டின்னா கரண்டிதான். குழம்பு ஊத்துற கரண்டி."

நாங்கள் கணக்குப் போட்டது பதினைந்து கிராம் பிடிக்கும் சின்ன அளவுக் கரண்டிக்கு. செலவு மிச்சம் என்று கம்பெனி அதை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டது. டப்பாமேல் ஒட்டிய தாளில் 'கரண்டி' என்ற சொல் மட்டும் நின்றது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அந்தச் சொல்லைச் சந்தேகப்படவில்லை. அந்தத் தாள் சரி என்று அவள் போட்ட கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

"அண்ணன் என்ன பண்றாரு?"

"படுத்திருக்காரு. காலைத் தூக்க முடியலையாம். நெஞ்சு படபடங்குதாம்."

"அண்ணி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே!"

ஆட்டோவில் போகும்போது அவள் கை என் மணிக்கட்டை விடவே இல்லை. நான் வேண்டாத தெய்வம் இல்லை. மாலை ஐந்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "பொட்டாசியம் இறங்குது. பிழைச்சுக்குவார். இன்னும் ஒரு வேளை குடிச்சிருந்தா சொல்றதுக்கில்ல."

எனக்குப் போன உயிர் வந்தது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

"முந்தாநாள் கடையில எனக்கு முன்னாடி ஒரு அம்மா இதே டப்பா ரெண்டு வாங்கினாங்க. கையில டயாலிசிஸ் கட்டு போட்டிருந்தாங்க" என்றாள்.

கம்பெனிக்குப் போன் போட்டோம். யாரும் எடுக்கவில்லை. கடைக்கு ஓடினோம். அலமாரியில் மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் அவளே இறக்கிக் கீழே வைத்தாள்.

கடைக்காரருக்கு அந்த அம்மாவை ஞாபகமே இல்லை.