பால் பூத் முன்னால் பைகள் நின்ற வரிசை

எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் பால் பூத் திறப்பதற்கு முன்பே வரிசை உண்டாகிவிடும். ஆட்கள்தான் அதில் இருக்கமாட்டார்கள். ஒயர் கூடை, மஞ்சள் பை, எதுவும் கொண்டுவராதவருக்கு ஒரு செங்கல் என்று அவரவர் இடத்தில் எதையாவது வைத்துவிட்டு, எதிர் மதில் ஓரமாக நின்று மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். புயல் வந்து அந்தத் தெருவின் தூங்குமூஞ்சி மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, அத்தனை வருடம் தரைக்கு வராத காலை வெயில் தார்ச்சாலையில் படுத்துக்கொள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு கூடைக்கும் ஆள் உயரத்துக்கு நிழல். செங்கல்லுக்குக்கூட ஒரு கௌரவம் வந்திருந்தது.

அப்போது நான் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கிடைத்த அவகாசத்தில் இருந்தேன். புதிதாகக் கேமரா வாங்கியிருந்தேன். சைக்கிள் கடை, கோயில் வாசல், ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் டிபன் கேரியரில் அடிக்கும் வெயில் எல்லாம் எடுத்தாயிற்று. யார் எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது ஆளில்லாத இந்தப் பை வரிசை, நீண்ட நிழல்களோடு, ஒரே ஒரு படம். திருநெல்வேலிப் பக்கம் குடிபோன பிறகு இதற்காக ரயிலேறி வரப்போவதில்லை.

சூரியனைப் பார்த்து நின்று எடுத்தால்தான் நிழல்கள் நம்மை நோக்கி நீளும். அப்படி ஒரு காலையில் குனிந்தபோது டவுன்ஷிப் செக்யூரிட்டி காவலர் வந்தார். பக்கத்து மந்தாரக்குப்பத்துக்காரர், காண்ட்ராக்ட் ஆள்.

"இன்னா சார், காலங்காத்தால கேமராவ தூக்கினு வந்துட்டீங்க. பின்னால சப்ஸ்டேஷன் வருது பாருங்க. பர்மிஷன் கீதா?"

பூத்துக்குப் பின்னால், கம்பி வேலிக்குள், இரண்டு மின்மாற்றிகள் இருந்தன. அவரிடம் சிரித்துப் பேசிவிட்டு, அவர் டீ குடிக்கப் போனதும் எடுத்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் வீட்டுக்குப் போய் விண்ணப்பம் எழுதினேன், உரிய வழியாக, மூன்று பிரதிகள்.

"பால் எங்கேங்க?" என்றாள் மனைவி.

"வாங்கலை."

"பால் வாங்கப் போன மனுஷன் மனு எழுதிட்டு இருக்காரு. இனி டீக்கும் மனு போடணுமா?"

விண்ணப்பித்த பிறகு எடுக்க முடியாது. பரிசீலனையில் இருக்கும் விஷயத்தில் விண்ணப்பதாரரே கைவைப்பது கேட்காமல் எடுப்பதைவிட மோசமான குற்றம். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் காவலருக்குத் தெரியாது. ஆகவே தினமும் பால் மட்டும் வாங்கினேன். மதில் ஓரத்தில் பையன்களும் பெரியவர்களும் செல்போனில் சப்ஸ்டேஷன் சகிதம் தங்களையே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அனுமதி வந்தது. வேலை நாட்களில், முற்பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள், காவலர் உடனிருக்க எடுக்கலாம். அலுவலக நேரத்தில்தானே காவலரை ஒதுக்க முடியும், நியாயம்தான். ஒருநாள் போய்ப் பார்த்தேன். பூத் பூட்டியிருந்தது. வெயில் உச்சந்தலையில் நின்றது. நாய் ஒன்று தன் நிழலைத் தன் வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியது. நேரத்தைத் திருத்தித் தரும்படி மறுமனு கொடுத்தேன். அதற்குப் பதில் வருவதற்குள் வீட்டைக் காலி செய்யும் நாள் வந்துவிட்டது.

அன்று காலை, விதியாவது ஒன்றாவது என்று கேமராவோடு கிளம்பினேன். லாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. வெயில் அருமையாக விழுந்திருந்தது. பைகள் தயாராக இருந்தன. காவலரும் இருந்தார்.

"வாங்க சார். இன்னிக்கு காலி பண்றீங்கன்னு சொன்னாங்க. எடுத்துக்குங்க."

"நேரம் பதினொண்ணுதானே போட்டிருக்கு?"

"அதான் பர்மிஷன் கீதே, டைம் கெடக்குது. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்." பிறகு மதில் பக்கம் திரும்பினார். "ஏங்க, சார் போட்டோ எடுக்கணும்னு எத்தினி நாளா அலையிறாரு. அங்க நின்னுகினு கதை பேசுறீங்க. அவங்கவங்க பைக்குப் பின்னால வந்து நில்லுங்க."

"வேண்டாம், ஆட்கள் வேண்டாம்" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. வந்து நின்றார்கள். ஒருவர் தலை சீவினார். செங்கல்லுக்கு உரியவர் அதைக் காலால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நிமிர்ந்து நின்றார்.

"பை மட்டும் போதும்" என்றேன் காவலரிடம்.

"பையை எடுத்து இன்னா சார் பண்ணுவீங்க? ஊருக்குப் போனா மூஞ்சிங்கதான வேணும். அங்கேர்ந்து எடுக்காதீங்க, சப்ஸ்டேஷன் வந்துரும். பின்னால என்னைக் கேப்பாங்க. இப்டி வாங்க." என் முழங்கையைப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். எல்லாரையும் என்னைப் பார்த்துத் திரும்பச் சொன்னார். இப்போது சூரியன் என் முதுகில் இருந்தது. விதிப்படி அதுதான் சரியான இடம், அதை என்னால் மறுக்கவும் முடியவில்லை.

பால் வண்டியின் ஹாரன் கேட்டது. "சீக்கிரம் சார், பாலு வந்துடுச்சு" என்றார் முன்னால் நின்ற அம்மாள்.

எடுத்தேன். படத்தில் எல்லார் முகமும் தெளிவாக இருக்கிறது. வெயில் கண்ணில் அடிக்க, சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். நடுவில் காவலரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார். நிழல்கள் அவர்களுக்குப் பின்னால் எங்கோ கிடந்திருக்க வேண்டும்.