கிரேன் அக்காவும் தானே எழும்பும் மோட்டாரும்

படகின் பின்பலகையில் பழைய மோட்டாரின் பிடி வருஷக்கணக்காகக் கடித்து வைத்திருந்த தழும்பை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். அது மெக்கானிக்கின் வேலை. ஆனால் அவர் பட்டறை உத்தரத்தில் சங்கிலிக் கப்பியை மாட்டுவதற்குள் அவளுக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, ரொம்பத் தேய்க்காதீங்க. படகு பாதியாயிடும்."

"நீ மெதுவா மாட்டு தம்பி. அதுக்குள்ள நான் இன்னொரு படகே செஞ்சிடுவேன்."

அவள் தையற்காரர் மகள். கல்யாணத்துக்கு முன் குடத்தைவிட ஆழமான தண்ணீரில் கை வைத்ததில்லை. முதல் நாள் படகில் ஏறியதும் புருஷன் காலிலேயே வாந்தி எடுத்தாள். இந்தக் கரையிலிருந்து அக்கரைக்குப் பால் கேன்களும் ரொட்டித் தட்டுகளும் ஏற்றிப் போகும் படகு அது. நடுவில் ஒரு மணல்திட்டு. அங்கே மோட்டாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்காவிட்டால் விசிறி மணலைக் கடித்து நின்றுவிடும். புருஷன் கைப்பிடியை விட்டுவிட்டுத் தூக்கினால் படகு போன போக்கில் திரும்பும். அதனால் மோட்டாரை ஒட்டி ஒரு குறுக்குப் பலகை போட்டு அவளை உட்கார வைத்தார். அவர் "தூக்கு" என்பார், அவள் தூக்குவாள். கரைக்காரர்கள் அவளுக்கு கிரேன் அக்கா என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் வலது தோள் இறங்கிவிட்டது. தலை சீவக் கை எழும்பவில்லை. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயால் சொல்ல வேண்டியதைப் பொருளாக வாங்கி வந்து வைப்பது அவர் வழக்கம். இந்தத் தடவை மோட்டார். அதை மாட்டத்தான் இருவரும் படகோடு பட்டறைக்கு வந்திருந்தார்கள்.

சங்கிலியில் தொங்கிக்கொண்டு அது இறங்கி வந்து பின்பலகையில் அமர்ந்தது. விசிறிக்கு மேலே இருக்கும் தட்டும் படகின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று மெக்கானிக் நீள இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தார். துளை போட்டு, தண்ணீர் புகாதபடி பசை தடவி, போல்ட்டை முறுக்கினார். பேட்டரியை முன்பக்கம் வைத்து, விரல் கனத்துக் கம்பிகளைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினார்.

"அக்கா, கைப்பிடியில இருக்கிற இந்தப் பொத்தானை அமுக்குங்க."

அமுக்கினாள். யாரோ கதை கேட்டுக்கொண்டே 'உம்' கொட்டுவதைப் போல ஒரு சத்தம். அவ்வளவு பெரிய இரும்பு, படுத்திருந்த எருமை எழுந்திருப்பதைப் போல, அவசரமே இல்லாமல் வாலைத் தூக்கியது. மூச்சு வாங்கவில்லை, முனகவில்லை. அவள் தன்னையறியாமல் அதன் அடியில் இரு கைகளையும் நீட்டினாள். கைகளுக்கு எந்தப் பாரமும் வரவில்லை. இத்தனை வருஷம் தன் தோளில் இருந்தது எது என்று முதல்முறையாக வெளியே நின்று பார்த்தாள்.

டொக்.

விசிறி உள்ள வால் மேலே போனால் மோட்டாரின் தலை படகுக்குள்ளே சாயும் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை. எல்லா அளவையும் மோட்டார் நிமிர்ந்து நிற்கையில் எடுத்திருந்தார்கள். தலை போய் இடித்தது அவளுடைய குறுக்குப் பலகையில்.

"பலகையைக் கழட்டிடலாம் அண்ணே," என்றார் மெக்கானிக். "இனிமே அங்க ஆள் எதுக்கு? படகுக்கு ஒரு ஆள் போதும்."

புருஷன் கூரையைப் பார்த்தார். அவளுக்கு வீட்டில் வேலை இருந்தது, ஊரில் பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் தண்ணீரில் சம்பாதித்தது. நாளையிலிருந்து கரையில் நின்று டாட்டா காட்டும் பெண்டாட்டியாகிவிடுவோமோ என்று பயந்தாள். ஆனாலும் ஸ்பேனரை எடுத்துப் பலகையை அவளே கழற்றினாள். அந்த மோட்டார் முழுசாக எழுந்து நிற்பதைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் வெள்ளோட்டம். பலகை இல்லாததால் படகின் தரையில் உட்கார்ந்து வந்தாள். மணல்திட்டு வந்ததும் அவர் பழக்கத்தில் "தூக்கு" என்றார். அவளும் பழக்கத்தில் எழுந்தாள். அதற்குள் அவர் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. மோட்டார் எழுந்தது, எழுந்தது, விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து கூச்சல் போட்டது. மோட்டாரைக் குளிர வைத்துவிட்டுப் பக்கத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றது.

"போதும், இறக்குங்க."

இறக்கினார். மணலைக் கடித்தது. மறுபடி தூக்கினார், மறுபடி கூச்சல். தூக்கச் சொல்ல அவருக்குத் தெரியும். எவ்வளவு என்பது ஒருநாளும் அவர் கைக்கு வந்ததில்லை.

"தள்ளுங்க," என்று கைப்பிடியை வாங்கினாள். பொத்தானை ஒரு தொடு தொட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தொடு. அரைச் சாண் எழுந்து நின்றது. திட்டின் மேல் படகு வெண்ணெயில் கத்தி போல வழுக்கிப் போனது. அந்த 'உம்' சத்தம் அவள் கட்டைவிரல் வழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. வலிக்கவில்லை. இவ்வளவு பலத்தையும் ஒரு விரல் நுனியில் கொண்டு வந்து கொடுத்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அக்கரை வரைக்கும் கைப்பிடியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறையில் டீ போட்டுக் கொடுத்தாள்.

"காலையில பால் கேனை நான் கொண்டு போறேன்."

"தனியாவா?"

"ஒரு ஆள் போதும்னாரே மெக்கானிக். அந்த ஆள் நீங்கதான்னு அவர் சொல்லலையே."

அவர் டீயை ஊதினார். ஆறிய பிறகும் ஊதிக்கொண்டிருந்தார்.

"சும்மா... கூட வரட்டுமா?"

அவள் அடுப்பைத் துடைத்து, துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது, "வாங்க. ஆனா தரையிலதான் உட்காரணும்," என்றாள்.