லைவில் ஒரே ஒருவர்

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து நல்லூரில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். பனியன் துணியில் நைட்டி தைத்து, தினமும் மாலை பேஸ்புக் லைவில் காட்டுவேன். பார்ப்பது ஒரே ஒருவர். தன் ஊர் கொமரலிங்கம் என்று சொல்லியிருந்த ஓர் அம்மா.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "தெனமும் பாக்கீங்க, ஒண்ணுகூட வாங்க மாட்டேங்கீங்க. என்னதான் வேணும்?" என்று கேமராவைப் பார்த்தே கேட்டுவிட்டேன்.

கமெண்ட் வந்தது. "ஒண்ணும் வேண்டாங்க. ஊட்ல யாருமில்லீங்க. நீங்க பேசறப்ப ஆராச்சும் வந்திருக்கற மாதிரி இருக்குதுங்க."

கையிலிருந்த நைட்டியை மடித்து வைத்தேன். "சாப்டீங்களா?" என்றேன்.

"ஆச்சுங்க. நீங்க?"

இந்த ஊருக்கு வந்த பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. விலை மட்டுமே சொல்லிப் பழகிய நான், "இன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை கேமராவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.