மகியின் குரலில் நான்

மகள் தன் அப்பாவிடம் என்ன சொல்ல நினைக்கிறாள்? மூன்று வயது மகியைப் பெற்றவள் நான். அவளுக்காக அவரிடம் தினமும் பேசுகிறவளும் நான்தான்.

கணவர் ஜெர்மனியில் இருக்கிறார். நாங்களும் அங்கேதான் இருந்தோம். அவருக்கு வேறு நகரத்தில் புது வேலை கிடைத்தது. வீடு அமையும்வரை என்று நானும் மகியும் திண்டுக்கல்லில் அவருடைய பெற்றோர் வீட்டுக்கு வந்தோம். அவருடைய மதிய உணவு இடைவேளை எங்களுக்கு மாலைக் காபி நேரம். தங்கியிருக்கும் அறைக்கு வந்து வீடியோவில் அழைப்பார், கூடத்தில் எல்லோரும் கூடிவிடுவோம்.

“அப்பாட்ட நல்லாருக்கேன்னு சொல்லுத்தா,” என்பார் அத்தை. மகி போனைப் பார்ப்பாள், பேசமாட்டாள். திரையில் அவர் முகம் வாடும். உடனே நான் அவள் காதோரம் குனிந்து, குரலைச் சின்னதாக்கி, “அப்பா, நான் தோசை சாப்டேன், சமத்தா இருக்கேன்,” என்பேன். அவர் சிரிப்பார். இங்கே எந்த வீட்டில்தான் இப்படி இல்லை? டவுன் பஸ்ஸில் யாராவது பிள்ளையிடம் பெயர் கேட்டாலும் நாம்தானே சொல்கிறோம்.

ஜெர்மனியில் மகி போன ‘கிட்டா’ என்ற குழந்தைகள் காப்பகத்தில், ஒரு நாள் ஆசிரியை தரையில் மண்டியிட்டு அவளிடம், ஆப்பிள் வேண்டுமா, வாழைப்பழம் வேண்டுமா என்று கேட்டார். “ஆப்பிள்,” என்றேன் நான். ஆசிரியை மகியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உச்சரிப்புதான் புரியவில்லை என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் புன்னகையோடு, “நான் மகியைக் கேட்டேன்,” என்றார். இதற்குக்கூடவா இவ்வளவு கறார் என்று எனக்குக் கோபம் வந்தது. செத்த நேரம் கழித்து மகி வாழைப்பழத்தைக் காட்டினாள்.

போன வாரம் வீடியோவில் கணவர் சொன்னார்: “பாப்பா அங்க நல்லா செட் ஆயிட்டா. அவளே தெனமும் சொல்றாள்ல? இன்னும் ரெண்டு வருசம் நீங்க அங்கயே இருங்களேன்.”

“அப்பறம் என்னப்பா, பிள்ளை வாயாலயே சொல்லிருச்சு,” என்றார் அத்தை. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

போனை மகி கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் ராத்திரிக்குத் தொட்டுக்க வெஞ்சனம் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அங்கிருந்து முதன்முறையாக அவள் போனில் அவரிடம் பேசுவது கேட்டது.

“அப்பா, நல்லாருக்கேன் சொல்லு. சமத்தா இருக்கேன் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் பெரிதாகச் சிரித்தார். “மகி, உனக்கு என்னடா வேணும்?” என்று கேட்டார். நிலைப்படியில் வந்து நின்ற என்னை அவள் திரும்பிப் பார்த்தாள். என் வாயைத்தான் பார்த்தாள்.

அன்று இரவு, என்னால் இங்கே இருக்க முடியவில்லை என்று அவருக்குத் தட்டச்சு செய்தேன், அழித்தேன். பாப்பா நல்லாத்தானே இருக்கா என்பார். அது நான் சொன்ன பேச்சு என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை அவள் நிஜமாகவே நன்றாக இருக்கிறாளோ? அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நாள் முழுக்கச் சுற்றுகிறாள்.

இப்போதெல்லாம் திரையில் அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் என் குளிர்கோட்டுதான் கண்ணில் படுகிறது. மூலையில், சின்னச் சதுரத்தில், இந்தக் கூடமும் மகியும் அவள் காதோரம் நானும்.

“அப்பா, நாங்க அங்க வாரோம்.” இந்த ஒரு வரியைக் கற்றுக்கொடுத்தால் மகி நாளைக்கே சொல்லிவிடுவாள். அவரும் நம்பிவிடுவார். பிள்ளைகளோடு ஊர்விட்டு ஊர் போன அம்மாக்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்: கற்றுக்கொடுக்கட்டுமா?