கோட்டுக்காரர்களுக்கு எதிராக அண்ணன் பேசியது

என் அண்ணன் சென்ற மாசியில் இறந்தான். துக்கம் விசாரிக்க வந்த, அவனோடு வங்கியில் வேலை பார்த்த நண்பர்கள், அவன் அதிகம் பேசாத மனிதன் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அவனும் ஒரு காலத்தில் பேசினான். சித்திரை வெயிலில் கூடியிருந்தவர்கள் விசிறிக்கொள்வதை நிறுத்திவிட்டுக் கேட்கும்படி ஒருமுறை பேசினான்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நெல்லையில், குறுக்குத்துறைக்குப் போகும் சாலையில் குடியிருந்தோம். அப்பா தமிழ்ப் பேராசிரியர். அதைவிடப் பட்டிமன்ற நடுவர் என்பதே அவருடைய பெரிய அடையாளம். பாபநாசத்திலிருந்து கடற்கரை வரை, ஆற்றோரத்து ஊர்களில் கோயில் கொடைவிழா என்றால் அவருக்கு அழைப்பு வந்துவிடும். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று ஊர் ஊராகத் தீர்ப்பு வழங்கிவிட்டு விடியும்போது வீடு திரும்புவார்.

வீட்டிலும் அவர் நடுவராகவே இருந்தார். கேஸ் அடுப்பு வாங்குவதா, பசுவை விற்பதா என்பவையெல்லாம் முன்கூடமான எங்கள் பட்டாசாலையில் அணி பிரித்து விவாதித்த பின்னரே முடிவாயின. அதில் அவர் தளர்த்தாத விதி ஒன்று உண்டு. எவரும் தாம் விரும்பும் பக்கத்தைப் பேசக் கூடாது; எதிர்ப்பக்கத்தையே பேச வேண்டும். பிடித்ததைப் பேசுகிறவன் பக்தன், பிடிக்காததைப் பேசி வெல்கிறவனே பேச்சாளன் என்பார். அம்மா கேஸ் அடுப்புக்கு எதிராக வேண்டுமென்றே மோசமாகப் பேசித் தோற்று, அடுப்பைப் பெற்றுக்கொண்டாள். அப்பாவுக்கு அந்தச் சூது கடைசிவரை தெரியாது.

அண்ணனுக்குப் பட்டிமன்றத்தில் நாட்டமில்லை. அவனுடைய நாட்டம் வேறு. அப்பாவின் பழைய மாணவரான புன்னக்காயல்காரர் ஒருவர் கப்பலில் வேலை பார்த்தார். இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய இரண்டு கேசட்டுகளை அவர் அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். இரண்டும் ஒரே நகரத்து இசைக்குழுக்கள். எண்பதுகளில் முதலிடத்துக்கு அடித்துக்கொண்டு, பத்திரிகைகளில் ஒன்றையொன்று ஏசியவை. கேசட்டுகள் நெல்லைக்கு வந்து சேர்வதற்குள் இரு குழுக்களுமே கலைந்துவிட்டிருந்தன. சண்டை மட்டும் எங்கள் வீட்டில் தொடர்ந்தது.

சண்டைக்கு மறுதரப்பு அத்தை மகன். பெங்களூரில் வளர்ந்தவர், கோடை விடுமுறைதோறும் வருவார். குழுக்களின் ஆங்கிலப் பெயர்களை அண்ணன் உச்சரித்த விதத்துக்கு அத்தான் சிரித்ததால், அண்ணன் தானே பெயர் சூட்டிவிட்டான். அட்டைப்படத்தில் தொழிற்சாலைச் சுவருக்கு முன்னால் நீண்ட கறுப்புக் கோட்டுகளுடன் நின்ற நால்வர், கோட்டுக்காரர்கள். கண்ணுக்கு மை தீட்டி, முடியை ஒரு பக்கமாகச் சரியவிட்டிருந்த ஐவர், மைக்காரர்கள். கோட்டுக்காரர்களிடம் கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை; அவர்களுடைய ஓசை அனைத்தும் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியிலிருந்து பிறந்தது. பாடகனின் குரல், ரயில் நிலைய அறிவிப்பைப் போல, எவரிடமும் எதையும் வேண்டாமல் வரும். மைக்காரர்களிடமும் சிந்தசைசர் இருந்தது. ஆனால் அதன் அடியில் பேஸ் கிட்டார் துள்ளும்; மெய்யான டிரம்ஸ் அதிரும்; பாடகன் உச்சத்துக்குப் போய்க் கெஞ்சுவான். அண்ணன் கோட்டுக்காரர்களின் பக்கம், அத்தான் மைக்காரர்களின் பக்கம்.

"ஏ மாப்ளே, இது பாட்டா, இல்ல பேட்டைப் பட்டறையில மெஷின் ஓடுத சத்தமா?" என்பார் அத்தான்.

"மெஷின் சத்தத்தப் பாட்டாக்குதவன் பெரிய ஆளா, முடியச் சீவிக்கிட்டு நிக்கவன் பெரிய ஆளா?" என்பான் அண்ணன்.

என்னைத் தனியாக அழைத்து, டேப்ரெக்கார்டரின் ஒலிபெருக்கியில் காதை ஒட்டச் சொல்லுவான். "நல்லாக் கேளுலே. தோலும் கெடையாது, கம்பியும் கெடையாது. ஒருத்தன் உக்காந்து ஒண்ணுமே இல்லாததுலேருந்து ஒரு சத்தத்தச் செய்யுதான். அங்கன பாரு, கதவு சாத்துத மாதிரி ஒண்ணு வருதுல்லா? அதுக்கு உலகத்துல கதவே கெடையாதுலே." பதினொரு வயதில் எனக்கு அது பேய்க்கதையைப் போல இருந்தது. அவனுக்கு அது வாழ்க்கையாக இருந்தது.

பிளஸ் டூ முடித்திருந்த அவனை, சென்னையில் ஒலிப்பதிவுப் படிப்பு ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். அப்பா மறுக்கவில்லை, ஒப்பவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பட்டிமன்றம் வைத்தார். சிறந்தவர்கள் கோட்டுக்காரர்களா, மைக்காரர்களா? கோட்டுக்காரர்கள் வென்றால் அவன் மறுநாள் ரயிலேறலாம். மைக்காரர்கள் வென்றால் உள்ளூர்க் கல்லூரியில் வணிகவியல். விதிப்படி அண்ணன் மைக்காரர்களின் பக்கம். அவனுக்குத் துணைப்பேச்சாளன் நான். எதிரணியில் அத்தான்.

காலையிலேயே அம்மா அவனை அடுப்படிக்கு அழைத்தாள். "ஏலே, நல்லாப் பேசித் தொலைச்சிராத. பைய, தடுமாறிப் பேசு. நான் அடுப்பு வாங்குனது ஞாவகம் இருக்குல்லா?"

"திக்கித் திக்கிப் பேசுதேம்மா, போதுமா?" என்று அவன் சிரித்தான்.

அத்தானும் தோளில் தட்டினார். "பயப்படாத மாப்ளே. ஒன் கோட்டுக்காரனுவள நான் ஜெயிக்க வைக்கேன்."

தெருவார் சிலர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஆங்கிலப் பாட்டைப் பற்றிய தமிழ்ப் பட்டிமன்றம் என்பதே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. முதலில் நான், அண்ணன் சொல்லித்தந்ததை ஒப்பித்தேன். ஆண்கள் மை தீட்டுவது கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற இடத்தில் கைதட்டல் கிடைத்தது. அடுத்து அத்தான், கோட்டுக்காரர்கள் வருங்காலத்தின் இசையை முன்கூட்டியே செய்தவர்கள் என்று நியாயமாகவே தொடங்கினார். ஆனால் அவருடைய மேடைத் தமிழ் பாதியில் நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பிறகு அண்ணன் எழுந்தான். வாக்குக் கொடுத்தபடி தடுமாறினான். இரண்டு வாக்கியங்களை முடிக்காமல் விட்டான். அப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"என்னவே பேச்சாளரே, மைக்காரனுக்கு மை கலைஞ்சு போச்சா? என் மகன்னு வெளிய சொல்லிராதீரும், வே!"

கூட்டம் சிரித்தது. பாயிலிருந்த ஒருவர், "பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கே வாய் வரலயே, அண்ணாச்சி!" என்று சேர்த்துக்கொண்டார். அண்ணனுடைய காதுகள் சிவந்தன. குனிந்து, பாயோரம் இருந்த டேப்ரெக்கார்டரில் மைக்காரர்களின் கேசட்டைப் போட்டான். நிமிர்ந்தபோது அவன் வேறொருவனாக இருந்தான்.

கோட்டுக்காரர்கள் பிழையே செய்வதில்லை என்றான். அவர்களுடைய தாளம் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை இம்மியும் பிசகாது. ஆனால் மைக்காரர்களின் இரண்டாம் பாட்டில் டிரம்ஸ்காரன் ஓரிடத்தில் அவசரப்படுகிறான். சொல்லிவிட்டு டேப்ரெக்கார்டரை இயக்கி அந்த இடத்தைக் கேட்கச் செய்தான். எங்களுக்கு ஒன்றும் புலப்படவில்லை. நாடாவைப் பின்னோட்டி மறுபடியும் இயக்கினான். இம்முறை கேட்டது: டிரம்ஸ் ஒரு கணம் முந்தி ஓட, பேஸ் கிட்டார் தன் நடையை மாற்றிக்கொண்டு அதைப் பிடித்து நிறுத்தியது.

"நடுவர் அவர்களே, ஒருவன் தவறுகிறான், இன்னொருவன் தாங்குகிறான். கோட்டுக்காரர்களில் யாரும் தவறுவதில்லை. ஆகவே யாரும் யாரையும் தாங்கியதில்லை. நான்கு பேர் அங்கே ஒன்றாக நிற்கலாம். நான்கு பேரும் தனித்தனி. அந்த இசையைக் கேட்கிறவன் வியப்பான். ஆனால் ஆறுதல் அடைய மாட்டான்."

பாயிலிருந்தவர்களின் விசிறிகள் நின்றுவிட்டன. அந்த ஒற்றைக் கணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு கேசட்டுகளையும் எத்தனை முறை கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கோட்டுக்காரர்களிடம் என்ன இல்லை என்பதை, அவர்களை நேசித்தவனைத் தவிர வேறு எவனும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுக்களை வாசலில் நின்ற அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பா எழுந்து, தம் வழக்கப்படி இரு தரப்பையும் பாராட்டினார். தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாதபடி வெகுநேரம் ஊசலாட்டினார். அந்தக் கலையில் அவருக்கு நிகர் இல்லை. இறுதியில், உயிரில்லாத கருவியிடம் ஆறுதல் கிடையாது என்பதைத் தம் மகனே ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டபடியால், மைக்காரர்களே சிறந்தவர்கள் என்று அறிவித்தார். கைதட்டல் வாசல்வரை கேட்டது.

அம்மா வெளியே வந்தாள். "தீர்ப்பு அவன் பேச்சுக்குச் சொல்லுதியளா, பிள்ளைக்குச் சொல்லுதியளா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அப்பா.

"ஒங்களுக்கு ஒண்ணுதான்" என்றாள் அவள்.

அப்பா அநியாயக்காரராக இருந்திருந்தால் எனக்கு இன்று சுலபமாக இருக்கும். அவர் வஞ்சனை செய்யவில்லை. எந்தக் கோயில் மேடையிலும் எப்படி நடந்திருப்பாரோ அப்படியே நடந்தார். கேட்ட வாதங்களை நிறுத்துப் பார்த்து, கனமானதன் பக்கம் நின்றார். வென்ற வாதம் பேசியவனுடைய விருப்பம் அன்று என்பது அவருக்குத் தெரியும். அந்த விதியை வகுத்தவரே அவர்தாம். எனினும், தமக்கு முன்னால் நின்றவன் பேச்சாளன் மட்டும் அல்லன் என்பதை, அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவரை, அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய பெருமிதம் உண்மையானது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் மன்னிக்க முடியாதது அந்த உண்மையைத்தான்.

அவர் பீரோவைத் திறந்து, தமக்கு எங்கோ போர்த்தப்பட்ட பொன்னாடைகளில் புதியதாக ஒன்றை எடுத்துவந்து அண்ணனுடைய தோளில் போர்த்தினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. பெரிய பேச்சாளர்களுக்குச் செய்வதைப் போல அவனுக்குக் கைகூப்பினார். அண்ணன் குனிந்து அவருடைய கால்களைத் தொட்டான். தொட்டவன் நிமிரவில்லை. சரிகைக்கரை தரையில் புரள, முகம் தெரியாமல், வெகுநேரம் அப்படியே இருந்தான். வாங்கிய ஆசீர்வாதம் அவனுக்குப் போதவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று கத்தியபடி நான் தெருவுக்கு ஓடினேன்.